கடலை: வயிற்றுக்கு உணவு, தோலுக்கு எதிரி

கரப்பான் வந்த குழந்தையின் முழங்கை மடிப்பு வறண்டு, சிவந்து, சொறிந்து சொறிந்தே நீர் கசிந்து கிடக்கும். டாக்டர்கள் இதை எக்ஸிமா என்பார்கள். வீட்டில் முதலில் எழும் பேச்சு, “சாப்பாடு ஏதோ ஒத்துக்கலை” என்பதுதான். கத்தரிக்காய், கருவாடு என்று ‘கரப்பான் பண்டம்’ ஒவ்வொன்றாக நிற்கும். சில குழந்தைகளுக்கு உணவு கரப்பானைக் கிளப்பிவிடுவது உண்மைதான். ஆனால் பல குழந்தைகளிடம் கதை தலைகீழாக நடக்கிறது. முதலில் தோல் கெடுகிறது. கெட்ட தோல் வழியாகத்தான் உணவு அலர்ஜியே உள்ளே வருகிறது.

ஃபிலாக்ரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. மேல்தோலை இறுக்கிக் கட்டுவதும் அதுதான், பிறகு சிதைந்து தோலில் ஈரத்தைப் பிடித்துவைப்பதும் அதுதான். இதை உருவாக்கும் மரபணு பழுதானவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இர்வின் மெக்லீன் குழுவினர் 2006-ல் கண்டறிந்தார்கள். கரப்பான் உள்ள எல்லோருக்கும் இந்தப் பழுது இருப்பதில்லை. இருந்தாலும், பார்வையை உணவிலிருந்து தோலின் பக்கம் திருப்பிய கண்டுபிடிப்பு இது.

சரி, தோல் விரிசல் விட்டால் என்ன ஆகிறது? வீட்டுத் தூசியில் உள்ள உண்ணியின் கழிவு, சமையலறையில் சிந்திய வேர்க்கடலையின் துகள் எல்லாம் உள்ளே இறங்குகின்றன. காயம்பட்ட தோல் செல்கள் டிஎஸ்எல்பி, இன்டர்லூகின்-33 என்ற அபாயச் செய்திகளை அனுப்புகின்றன. அந்தச் செய்தியோடு சேர்ந்து வருவதால், ஒரு பாவமும் அறியாத கடலைப் புரதம்கூட எதிரியாகப் பதிவாகிவிடுகிறது. நோய் எதிர்ப்பு அணியைச் சேர்ந்த டி செல்கள் இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 என்ற செய்திப் புரதங்களைச் சுரக்க, அதே அணியின் பி செல்கள் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தைச் செய்யத் தொடங்குகின்றன. அது அலர்ஜியைக் கிளப்பும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அப்புறம் என்றாவது குழந்தை கடலை மிட்டாயைக் கடித்தால், சில நிமிடங்களில் அந்தச் செல்களிலிருந்து ஹிஸ்டமின் என்ற ரசாயனம் கொட்டி உதடு வீங்கும்; சிலருக்கு மூச்சே திணறும்.

என்னை அதிகம் கலங்க வைப்பது அடுத்த கட்டம். அதே இன்டர்லூகின்-4-உம் 13-உம் தோலுக்குத் திரும்பி வந்து ஃபிலாக்ரின் உற்பத்தியைக் குறைக்கின்றன. மரபணு நன்றாக இருப்பவருக்கும் இது நடக்கும். கிருமிகளைக் கொல்லும் தோலின் சொந்தப் புரதங்களும் குறைய, ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா அங்கே பெருகுகிறது. இன்டர்லூகின்-31 நரம்பைத் தொட்டு அரிப்பைக் கிளப்புகிறது. அரிப்பதால் சொறிகிறார்கள், சொறிவதால் விரிசல் அகலுகிறது, இன்னும் அதிகமாகத் தூசி இறங்குகிறது. “சொறியாதே” என்று குழந்தையைத் திட்டுவதில் ஒரு நியாயமும் இல்லை. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டூபிலுமாப் என்ற ஊசி மருந்து, இன்டர்லூகின்-4, 13 இரண்டின் செய்தியையும் செல்லின் வாசலிலேயே மறித்து இந்தச் சுழலை உடைக்கப் பார்க்கிறது.

இதே கடலை வாய் வழியாகப் போனால் விளைவு வேறு. குடலில் உள்ள நோய் எதிர்ப்பு செல்கள், ‘இது உணவு, சண்டை வேண்டாம்’ என்று உடலைப் பழக்குகின்றன. லண்டனில் கிடியன் லாக் குழுவினர் கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குக் கடலை உணவு. மீதிப் பேருக்கு 5 வயது வரை கடலையே கிடையாது. முடிவு 2015-ல் வந்தது. தொடக்கத்தில் கடலைக்கான தோல் பரிசோதனையில் (கடலைச் சாற்றைத் தோலில் லேசாகக் குத்திப் பார்ப்பது) தடிப்பே வராத குழந்தைகளில், கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 சதவீதம் பேருக்குக் கடலை அலர்ஜி வந்திருந்தது, சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதம்தான். காப்பாற்றுவதாக நினைத்துப் பெற்றோர் விலக்கிவைத்த உணவே பிறகு ஆபத்தாகியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு இன்றே கடலையை அரைத்து ஊட்டிவிடாதீர்கள். பரிசோதனையில் பெரிய தடிப்பு வந்த குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கு முதல் வாய் கடலை டாக்டரைக் கேட்ட பிறகுதான். அதுவும் முழுக் கடலையாக வேண்டாம், தொண்டையில் சிக்கும். நைசாக அரைத்த விழுதாக இருக்கட்டும்.