மார்க்கப்: குறியிடல்

இணையப் பக்கம் உருவாக்கக் கற்பவர்கள் முதல் பாடத்திலேயே சந்திக்கும் எச்டிஎம்எல் (ஹைப்பர்டெக்ஸ்ட் மார்க்கப் லாங்குவேஜ்) என்ற பெயரின் மூன்றாம் எழுத்து 'மார்க்கப்' என்ற சொல்லுக்கு உரியது. இச்சொல்லின் பொருள் தெளிவானால், எச்டிஎம்எல்லை நிரலாக்க மொழி என்று எண்ணும் குழப்பம் பெரிதும் நீங்கிவிடும்.

சொல் அச்சுத்தொழிலிலிருந்து வந்தது. எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், கையெழுத்துப் படி அச்சுக்கோப்பவரிடம் போகுமுன், எது தலைப்பு, எந்த அளவு எழுத்து, எங்கே தடித்த எழுத்து என்பதைப் பதிப்பாசிரியர் கையால் குறித்துக் கொடுப்பார். ஆங்கில அச்சகங்களில் சொல்லின் அடியில் நேர்கோடு இருந்தால் சாய்வெழுத்து, நெளிகோடு இருந்தால் தடித்த எழுத்து. இவ்வாறு குறிப்பதே 'மார்க்கப்'. மார்க் என்பதன் பழைய ஆங்கில வடிவத்துக்கு அடையாளம், எல்லை ஆகிய இரு பொருள்களும் உண்டு. தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் இட்டு ஒரு பத்தியின் எல்லையைக் காட்டும் எச்டிஎம்எல்லுக்கு இரண்டுமே பொருந்துகின்றன.

கணினிக்கு இம்முறையைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர்கள் ஐபிஎம் நிறுவனத்தின் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகியோர். 1969இல் தொடங்கிய அவர்களுடைய ஜிஎம்எல் என்னும் மார்க்கப் மொழி, 'இதைத் தடித்துக் காட்டு' என்று ஆணையிடாமல், 'இது தலைப்பு' என்று உள்ளடக்கத்தின் தன்மையைச் சொல்ல வழிசெய்தது. அதன் வழிவந்த எஸ்ஜிஎம்எல் 1986இல் பன்னாட்டுத் தரமாயிற்று. செர்ன் என்னும் ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, அங்கே ஏற்கெனவே வழங்கிய எஸ்ஜிஎம்எல் குறிகள் பலவற்றைத் தழுவி, இணைப்புக்கான குறியையும் சேர்த்து எச்டிஎம்எல்லை அமைத்தார். அக்குறிகளின் பட்டியல் 1991இல் வெளிவந்தது. உள்ளடக்கத்தின் தன்மையைக் குறிப்பதே எச்டிஎம்எல்லின் நோக்கம்; ஆகவே அது நிரலாக்க மொழி அன்று.

எழுத்துருவையும் நிறத்தையும் குறிக்கும் 'ஃபான்ட்' போன்ற குறிகள் இடையில் நுழைந்தது இந்த நோக்கத்துக்கு நேர்ந்த பெரும் பின்னடைவு என்றே கருதுகிறேன். 1996 டிசம்பரில், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸின் முதல் பதிப்பு வெளியானபின் தோற்றத்தை அதனிடம் விட்டுவிட முடிந்தது. அடுத்த ஆண்டே எச்டிஎம்எல் 4 'ஃபான்ட்' குறியைத் தவிர்க்கச் சொன்னது. இன்றும் புதிதாகக் கற்பவர் எழுத்து பெரிதாக வேண்டும் என்பதற்காகவே முதல்நிலைத் தலைப்புக்கான ஹெச்1 குறியை இடுவதும், உண்மையான தலைப்பைத் தடித்த எழுத்தால் மட்டும் காட்டுவதும் உண்டு. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான் தலைப்புக் குறிகளைப் பற்றியே பக்கத்தில் தாவிச் செல்வதால், குறி இல்லாத தலைப்பு அவர்களுக்கு வெறும் வரியாகவே ஒலிக்கும்.

தமிழில் 'குறியீட்டு மொழி', 'குறியிடு மொழி' என இரண்டும் வழங்குகின்றன. குறியீடு என்பது சின்னத்தையும் நிரல்வரியையும் சுட்டப் பயன்படுவதால் முதலாவது மயக்கம் தருகிறது. 'குறியிடு மொழி' ஊறுகாய் போன்ற வினைத்தொகை. குறியிடும் செயல் அதில் வெளிப்படையாக நிற்கிறது. 'எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே' என்னும் தொல்காப்பிய நூற்பாவில் குறித்தல் என்பது பொருளைச் சுட்டுவதையே உணர்த்துவதால், உள்ளடக்கத்தின் தன்மையைச் சுட்டும் இச்செயலுக்கு அவ்வேர் மிகவும் ஏற்றது. ஆகவே மார்க்கப்புக்குக் 'குறியிடல்' என்றும், எச்டிஎம்எல்லுக்கு 'மீயுரைக் குறியிடு மொழி' என்றும் எழுதலாம். இக்குறிகளைச் சுட்டும் டேக் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் 'குறிச்சொல்' வழக்கில் உள்ளது. கட்டுரைகளை வகைப்படுத்தும் சொற்களுக்கும் அதே பெயர் இருப்பதால், பாடங்களில் 'தொடக்கக் குறி', 'முடிவுக் குறி' என்று பிரித்து எழுதுவது தெளிவாக இருக்கும்.