பழைய கோட்டையை "ஒரிஜினல் நிலைக்கு" கொண்டுபோறேன்னு இடிக்காதீங்க, ப்ளீஸ்

மறுபடியும் அதே கதை. பிரான்ஸ்ல துரேன் பகுதி பக்கம் ஒரு கிராமத்து மாளிகையை வாங்கினவங்க, 19-ம் நூற்றாண்டுல ஒட்டிக் கட்டின பகுதியை மெஷின் வச்சு தள்ளிட்டு அப்புறமா என்னைக் கூப்பிடுறாங்க. ஏன் இடிச்சீங்கன்னா "அது ஒரிஜினல் இல்லையே, பின்னால சேர்த்ததுதானே"ங்கிறாங்க. பழைய கட்டடங்களை ரிப்பேர் பண்றதே தொழிலா இருக்கிற எனக்கு வயிறு எரியுது.

சரி, எதுங்க ஒரிஜினல்? அதே துரேன்ல ஆந்த்ர் ஆத்துத் தீவுல நிக்குற அசே-லெ-ரிதோ மாளிகையையே எடுத்துக்குங்க. முதல்ல அங்க இருந்தது மத்தியகாலக் கோட்டை. பின்னாடி ஏழாம் சார்ல்ஸா பட்டத்துக்கு வந்த இளவரசன் 1418-ல அதை எரிச்சுட்டான், ஊருக்கே ரொம்ப காலம் "எரிஞ்ச அசே"ன்னுதான் பேரு. நூறு வருஷம் கழிச்சு 1518-ல ராஜாவோட நிதி அதிகாரி ழில் பெர்த்தலோ புதுசா கட்ட ஆரம்பிச்சாரு, வேலையை முன்ன நின்னு நடத்தினது அவர் மனைவி பிலிப் லெஸ்பாய். கூரைக்குக் கீழ ஓடுற, காவல்காரங்க நடக்குற மாதிரியான வழி, மூலைல தொங்குற சின்னக் கோபுரங்க எல்லாம் பாக்க கோட்டை மாதிரி இருக்கும், ஆனா சண்டைக்கு இல்ல, அந்தஸ்துக்கு. சுருள் படியை விட்டுட்டு இத்தாலி பாணில நேர்ப் படிக்கட்டு வச்சாங்க (அங்க போனா அந்தப் படிக்கட்டை அவசரப்படாம பாருங்க, பிரான்ஸ்ல அந்த வகைல ரொம்ப ஆரம்பத்துல வந்ததுல ஒண்ணு). 1527-ல வழக்குக்கு பயந்து பெர்த்தலோ ஓடிட்டாரு, வேலை நின்னுபோச்சு. இன்னைக்கு எல்லாரும் போட்டோ எடுக்குற அந்த எல் வடிவம், பாதில விட்ட வேலைங்க!

முற்றத்து மூலைல இருக்கிற பெரிய வட்டக் கோபுரம் இருக்கே, அது பெர்த்தலோ கட்டினதே இல்ல. மிச்சமிருந்த ஒரே மத்தியகாலக் கோபுரத்தையும் 1840-கள்ல, அப்ப மாளிகையை வச்சிருந்த பியான்கூர் குடும்பம் இடிச்சுட்டு, மறுமலர்ச்சிக் காலத்துச் சாயல்ல அதைக் கட்டினாங்க. சுவரோட பிம்பம் விழுற தண்ணிகூட 20-ம் நூற்றாண்டு ஏற்பாடுதான்.

இப்ப சொல்லுங்க, எந்த வருஷத்துக்குத் திரும்பிப் போவீங்க? 1518-க்குன்னா வட்டக் கோபுரம் போகணும், ஆனா அந்த இடத்துல இருந்த பழைய கோபுரம் திரும்ப வராது, நீங்க என்ன கட்டினாலும் அது இந்தக் காலத்துக் கோபுரம்தான். 1417-க்குன்னா மாளிகையே போகணும். 1905-ல இதை வாங்கின அரசு, 2014-லேர்ந்து 2017 வரைக்கும் பெரிய அளவுல சீர்படுத்தினப்பகூட அந்தக் கோபுரத்தை எடுக்கல, பியான்கூர் குடும்பத்து வரவேற்பறையை 19-ம் நூற்றாண்டுல இருந்த மாதிரியே அமைச்சும் வச்சிருக்காங்க. பழைய கட்டடங்களைப் பாதுகாக்குறதுக்கான சர்வதேச நெறிமுறையான 1964 வெனிஸ் சாசனமும் அதைத்தான் சொல்லுது, எல்லா காலத்துப் பங்கையும் மதிக்கணும், ஒரே பாணிக்குக் கொண்டுவர்றது குறிக்கோள் இல்ல. "பியெர்ஃபோன் கோட்டையைக் கட்டடக் கலைஞர் வியோலெ-லெ-துக் திரும்பக் கட்டலையா"ன்னு உடனே கேக்குறாங்க. அவர் 1857-ல கையில எடுத்தது 1617-ல உடைச்சுப்போட்ட இடிபாடு, உங்களுக்குக் கிடைச்சிருக்கிறது ஓட்டை இல்லாத கூரையோட முழு வீடு.

அதனால, வாங்கின முதல் வருஷம் கடப்பாரையைத் தொடாதீங்க. எல்லா சுவரையும் அளந்து போட்டோ எடுங்க, கல்லோட இணைப்புக் கோடு எங்க மாறுதுன்னு பாருங்க, எது எப்ப வந்ததுன்னு அங்கயே தெரியும். துஃபோ கல்லு (இந்தப் பக்கத்து மெதுவான சுண்ணாம்புக் கல்லு) மேல சிமெண்ட் பூசவே கூடாது, சுண்ணாம்பு மட்டும்தான், இதுக்கு மேல இதைப் பத்தி பேச எனக்குத் தெம்பு இல்ல. "கல்லு தெரிஞ்சா அழகு"ன்னு பழைய பூச்சையும் கொத்தி எடுக்காதீங்க. கட்டடம் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா அனுமதி இல்லாம ஒரு ஜன்னலைக்கூட மாத்த முடியாது. பட்டியல்ல இல்லாட்டியும் இடிக்கிறதுக்கு முன்னாடி ஊர் மேயர் ஆபீஸ்ல கேளுங்க, ஆவணக் காப்பகத்துல பழைய நிலவரைபடத்தையும் பாருங்க. கூப்பிடுறதா இருந்தா மெஷின் வர்றதுக்கு முன்னாடி கூப்பிடுங்க.