'நார்மல்' என்று சொன்னது என் தப்புதான்

போன வாரம் திங்கட்கிழமை. ஓ.பி. தொடங்கும் முன்பே வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. லாரி ஓட்டுநர், 48 வயது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, இடது கை துவண்டு தொங்கியது. மனைவியும் மைத்துனரும் தாங்கி இறக்கினார்கள். சிஸ்டர் பிரஷர் பார்த்தார்: 214/122. காலையில் எழுந்திருக்கும்போதே இப்படித்தான் இருந்ததாம், அதனால் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. மாத்திரை போடுகிறாரா என்று கேட்டேன்.

"ஒரு மாசமா இல்ல சார். போன தடவ நீங்கதானே நார்மல்னு சொன்னீங்க."

பழைய சீட்டை எடுத்துக் காட்டினார் அந்த அம்மா. என் கையெழுத்தேதான்: பி.பி. 126/80, நார்மல். ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்று முழுக்க எந்தச் சீட்டிலும் அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. இதே கதையோடு வருகிறவர்களை எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

நார்மல் என்று நாங்கள் எழுதும்போது, 'மாத்திரையோடு சேர்த்துப் பார்த்தால் இந்த எண் சரியாக இருக்கிறது' என்று மனதில் நினைக்கிறோம். நோயாளியின் காதில் 'குணமாகிவிட்டது' என்று விழுகிறது. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கிறோம், காய்ச்சல் விடுகிறது, மாத்திரையை நிறுத்துகிறோம். பிரஷரும் அப்படித்தான் என்று நினைப்பதில் அவர்கள் தப்பு என்ன இருக்கிறது? ஆனால் பிரஷர் அப்படி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அது போகாது, அடங்கித்தான் இருக்கும்.

லாரிக்காரர்களுக்கே தெரிந்த கணக்கு இது. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினால் கிளீனர் இறங்கி பின்சக்கரத்துக்குக் கட்டை வைப்பார். வண்டி நகராமல் நிற்கும். "வண்டிதான் நகரலையே, அப்புறம் எதுக்குக் கட்டை?" என்று அதை உருவி எடுப்பாரா? 126/80 என்பது கட்டை வைத்த வண்டி. அவ்வளவுதான்.

"இல்ல டாக்டர், நிறுத்திப் பார்த்தேன், மூணு நாள் கழிச்சும் சரியாத்தான் இருந்துச்சு" என்று சோதனை செய்து பார்த்த விஞ்ஞானிகளும் வருவார்கள். நம் ஊரில் அதிகம் எழுதப்படும் ஆம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். கடைசி மாத்திரை போட்டு 30 முதல் 50 மணி நேரம் ஆன பிறகும் பாதி இரத்தத்தில் இருக்கும். அதன் வேலை முழுதாக வடிய ஒரு வாரம் ஆகிவிடும். மூன்றாம் நாள் நீங்கள் பார்த்த நல்ல எண், போன வாரம் போட்ட மாத்திரையின் கடைசிச் சம்பளம். நாடியையும் மெதுவாக்கும் அட்டனலால் போன்ற பிரஷர் மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் இன்னும் மோசம், நாடியும் பிரஷரும் சேர்ந்து எகிறும். மாரடைப்பு வந்தவர் நிறுத்தினால் உயிருக்கே வினை.

அடுத்தது, "எனக்குத் தலை சுத்தலையே." சுற்றாது. 170 இருந்தாலும் பெரும்பாலும் சுற்றாது, வலிக்காது. தெரியாது என்பதால்தான் அளக்கிறோம்.

இந்த எண்களைப் பற்றியும் கொஞ்சம். 1896இல் இத்தாலியில் ரிவா-ரோச்சி என்ற மருத்துவர், பாதரசக் கம்பத்தோடு கையில் கஃப் (காற்று ஏற்றும் பட்டை) கட்டி அளக்கத் தொடங்கினார். 1905இல் ரஷ்யாவில் கொரோட்கோவ் என்ற மருத்துவர், முழங்கை மடிப்பில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டுப் பார்த்தார். காற்றை இறக்கும்போது முதல் 'டக்' கேட்கிற இடம் மேல் எண், சத்தம் மறைகிற இடம் கீழ் எண். நாங்கள் இன்றும் கேட்பது அதைத்தான். வீட்டு மெஷின் அந்தச் சத்தத்தைக் கேட்பதில்லை, கஃபில் வரும் அதிர்வைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதனால் நாடி தாறுமாறாகத் துடிப்பவர்களுக்கு அது தப்பாகக் காட்டலாம். அவர்கள் எங்களிடம் வந்து கையால் பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த மெஷினில் மூன்று எண்கள் வரும். மேலே பெரிய பிரஷர், நடுவில் சின்ன பிரஷர், அடியில் நாடித்துடிப்பு. ஒருநாள் இரவு 11 மணிக்கு ஒரு பெண் போன் செய்தார்: "அம்மாவுக்கு பிரஷர் 58க்கு வந்துருச்சு, உப்புத் தண்ணி குடுத்துட்டேன்!" அடி எண்ணைப் படித்திருக்கிறார். அட்டனலால் போடுகிற அம்மாவுக்கு நாடி 58 இருப்பதில் ஆச்சரியமே இல்லை. மேல் எண் 152. அதற்கு மேல் உப்புத் தண்ணீர் வேறு!

'லோ பிரஷர்' என்பதும் 'நார்மல்' மாதிரியே அர்த்தம் மாறிவிட்ட ஒரு வார்த்தை. மயக்கம், அசதி, சோகை, சாப்பிடாமல் கிடந்தது எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். மெலிந்த இளம்பெண்ணுக்கு 96/60 இருந்து, அவர் நன்றாக நடமாடினால் அது வியாதியே இல்லை. கவலைப்பட வேண்டியவர் வேறு ஒருவர்: ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே விழுகிற தாத்தா. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 இறங்கினால் அவரை நாங்கள் பார்க்க வேண்டும். புராஸ்டேட்டுக்குக் கொடுத்த மாத்திரைகூடக் காரணமாக இருக்கலாம். அதனால் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். "வெள்ளையா, சின்னதா இருக்கும் டாக்டர்" என்றால் பாதி மருந்துக்கடை அப்படித்தான் இருக்கும்.

சரி, அளக்கும்போது. காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து உட்காருங்கள். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கால்மேல் கால் வேண்டாம். கை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், தொங்கவிட்டால் 10 வரை கூடிக் காட்டும். தடித்த கைக்குச் சின்ன கஃபைக் கட்டினாலும் கூடித்தான் காட்டும். கஃபைச் சட்டைக்கு மேல் கட்டாதீர்கள். முக்கியமாக, பேசாதீர்கள்! மாமியார் கதையை அப்புறம் சொல்லலாம், நானும் கேட்கிறேன். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை எடுத்து இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். எங்கள் அறையில் 140/90, வீட்டில் 135/85. இதைத் தொட்டோ தாண்டியோ திரும்பத் திரும்ப வந்தால் வாருங்கள். ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு நீங்களாக மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சு குழறினால் பிரஷர் மெஷினைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். என்னிடமும் வராதீர்கள். 108ஐக் கூப்பிட்டு நேராக ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

மாத்திரை வாங்கக் காசில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வாரக்கணக்கில் ரோட்டிலேயே இருக்கிற ஓட்டுநர்கள் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கேளுங்கள், எழுதித் தருகிறோம்.

நான் இப்போது சீட்டில் 'மாத்திரையோடு 126/80, தொடரவும்' என்று எழுதுகிறேன். எழுத மூன்று விநாடி கூடுதல். கால் வீங்குகிறது, இருமல் வருகிறது, ஆண்மை குறைகிறது என்று ஏதாவது காரணத்துக்காக நீங்கள் மாத்திரையை நிறுத்தியிருந்தால் வந்து சொல்லுங்கள், வேறு மாத்திரை இருக்கிறது. திட்ட மாட்டேன். சரி, கொஞ்சம் திட்டுவேன். ஆனாலும் வாருங்கள்.