அணியம் தாழ்ந்தால் தண்ணீர் முன்னுக்கு ஓடும்

திருக்கடலூரில் இருக்கும் என் பெரியப்பாவுக்குச் சென்னையில் புரொஸ்டேட் புற்றுநோய்க்கு ரோபோ மூலம் ஒப்பரேஷன் செய்தார்கள். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள், அவ்வளவுதான். ஆனால் மறுநாள் காலை வீடியோ அழைப்பில் அவர் முகத்தைப் பார்த்துப் பெரியம்மா பயந்துபோனார். இமை இரண்டும் குளவி கொட்டியது போல வீங்கிக் கிடந்தன. "வெட்டினது அடிவயிறு, வீங்கினது முகமோ?" என்று என்னிடம் கேட்டார்.

நியாயமான கேள்வி. பெரியப்பா அந்த நாலு மணித்தியாலமும் தலை கீழே, கால் மேலே என்று கிடந்திருக்கிறார். இப்படியான ஒப்பரேஷனில் மேசையின் தலைப்பக்கத்தை 25 முதல் 30 பாகை வரை தாழ்த்துவார்கள். கால்களைத் தாங்கிகளில் அகட்டி உயர்த்துவார்கள். புரொஸ்டேட் இடுப்புக் குழியின் ஆழத்தில் இருக்கிறது. மேசை மட்டமாக இருந்தால் குடல் வந்து அதை மூடிக்கொள்ளும். சரித்தால் தானாகவே நெஞ்சுப் பக்கம் வழுக்கிவிடும். 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கிடையைப் பரப்பிய ஜெர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் பிரீட்ரிக் டிரெண்டலன்பேர்க்கின் பெயரைத்தான் இன்றும் இதற்குச் சொல்கிறார்கள்.

வழுக்குவது குடல் மட்டும் என்றால் பரவாயில்லை. கடலுக்குப் போகிற பெரியப்பாவுக்கு இதை விளக்கத் தேவையில்லை: வள்ளத்தின் முன்முனையான அணியம் தாழ்ந்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் முன்னுக்கு ஓடும். நம் இரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்நேரமும், இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் நாளங்களில்தான் நிற்கிறது. நாளத்தின் சுவர் மெல்லியது, வந்ததை வாங்கி விரிந்துகொடுக்கும்.

கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் நாம் குனிந்து அள்ளி, நிமிர்ந்து ஊற்றி, திரும்பக் குனிகிறோம். மயங்கி விழுவதில்லை. கழுத்து நாடியிலும் இதயத்தை அடுத்த பெருநாடி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் உடனுக்குடன் துடிப்பையும் குழாய்களின் இறுக்கத்தையும் மாற்றச் சொல்லிவிடுகின்றன. மயக்க மருந்து கொடுத்தால் இந்தக் காவலாளியும் தூங்கி வழியத் தொடங்குவான்.

போதாக்குறைக்கு வாயு வேறு. கருவிகள் அசைய இடம் வேண்டுமே! வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டை 12 முதல் 15 மில்லிமீற்றர் இரச அழுத்தத்தில் நிரப்புவார்கள். அது உதரவிதானத்தைத் தள்ள, நெஞ்சுக்குள்ளும் அழுத்தம் கூடும். தலையிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் இப்போது மேட்டில் ஏறவேண்டும், அதுவும் நெருக்கடியான நெஞ்சுக்குள். தேங்கிய இரத்தத்திலிருந்து நீர் மெல்ல மெல்ல இழையங்களுக்குள் கசியும். இமைத்தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, அதனால் வீக்கம் அங்கே பளிச்சென்று தெரியும். கண்ணுக்குள்ளும் அழுத்தம் ஏறும். குளுக்கோமா உள்ளவர்கள் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

முகம் கண்ணில் படுகிறது, எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கென்னவோ கால்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. இதய மட்டத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்தால் இரத்த அழுத்தம் சுமார் 0.77 மில்லிமீற்றர் இரசம் குறையும். கணுக்கால் 50 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றால் 38 போய்விடும். கையில் கட்டிய பட்டி சராசரி அழுத்தம் 90 என்று காட்டும்போது கணுக்காலுக்குக் கிடைப்பது 52 தான். தலையில் வெள்ளம், காலில் வறட்சி, இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில்!

திறந்த ஒப்பரேஷன் என்றால் இடையில் மேசையைக் கொஞ்சம் நிமிர்த்தலாம். ரோபோவின் கைகள் துளைகளில் செருகிய குழாய்களோடு பூட்டப்பட்டிருக்கின்றன. அப்படியே மேசையை அசைத்தால் வயிற்றுச் சுவர் கிழியலாம். கைகளைக் கழற்றி, சரித்து, திரும்பப் பூட்டவேண்டும். மேசையும் கைகளும் சேர்ந்து அசையும் புதிய அமைப்புகள் வந்திருக்கின்றன, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ஆகவே தொடக்கத்தில் வைத்த கிடையே பெரும்பாலும் முடிவு வரை.

இரைப்பை, பித்தப்பை ஒப்பரேஷன்களில் கதை தலைகீழ், அதாவது தலை மேலே. அங்கே இரத்தம் காலில் தேங்கி, பிரஷர் இறங்கும். அதற்காகக் காலில் காற்றடைத்து அமுக்கும் உறைகளை மாட்டுகிறார்கள்.

பெரியப்பாவுக்குப் போலத் தலையைத் தாழ்த்திச் செய்த ஒப்பரேஷன் முடிந்ததும் மேசையைச் சட்டென்று மட்டமாக்கமாட்டார்கள். இரத்தம் காலுக்குத் திரும்பும்போது அழுத்தம் சரியலாம். தொண்டையும் வீங்கியிருக்கக்கூடும் என்பதால் மூச்சுக்காகத் தொண்டைவழி செருகிய குழாயை எடுக்குமுன் அதையும் பார்த்துக்கொள்வார்கள்.

பெரியப்பாவின் முகம் இரண்டே நாளில் வடிந்துவிட்டது. ஊருக்கு வந்த பிறகு அவருக்கு இருந்தது வேறொரு குறை. "வயித்தில நோவோ எண்டு கேட்டதை விட, அந்தப் பிள்ளை கெண்டைக்காலை அமத்தி அமத்தி நோகுதோ எண்டு கேட்டதுதான் கூட. ராவெல்லாம் எழுப்பிக் கேட்டாள்" என்றார். அந்தத் தாதி பார்த்தது இதைத்தான்: மணிக்கணக்கில் பட்டினி கிடந்த தசைக்கு இரத்தம் திரும்பப் பாய்ந்ததும் அது வீங்கலாம். தசையைச் சுற்றிய உறை விரிந்துகொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, வந்த இரத்தத்தையே நெரித்துவிடும். அரிதாகத்தான் நடக்கும். ஆனால் நடந்தால் சில மணித்தியாலத்துக்குள் உறையைக் கீறிவிட வேண்டும், தாமதித்தால் தசை செத்துவிடும். அதன் முதல் அடையாளம் கெண்டைக்காலில் வரும் தாங்கமுடியாத நோவு. இதைச் சொன்னதும் பெரியப்பா சாரத்தை உயர்த்தித் தன் காலை ஒருமுறை அமத்திப் பார்த்துக்கொண்டார்.