கூத்துக் குழுவின் இணையத்தளமும் கண்ணுக்குள் தெரியும் வெளிச்சப் புள்ளியும்

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கட கூத்துக் குழுவுக்கு ஒரு இணையத்தளம் செய்தோம். பார்த்த எல்லாரும் நல்ல வடிவா இருக்கு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஒருத்தரும் எங்களைக் கூத்துக்குக் கூப்பிடவில்லை. தளம் நல்லதா, கூடாததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

வடிவா இருக்கிறது என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவர்கள் பக்கத்தை வாசிக்கத் தேவையில்லை, அவ்வளவுதான். 2006இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கிட்டே லிண்ட்கார்டும் அவருடைய ஆய்வுக் குழுவும் இணையப் பக்கங்களை வெறும் 50 மில்லிசெக்கன் காட்டி, பார்வைக்கு எப்படி என்று மதிப்பிடச் சொன்னார்கள். அரைச் செக்கன் காட்டியபோது வந்த மதிப்பீடும் பெரும்பாலும் அதோடு ஒத்துப்போனது. 50 மில்லிசெக்கன் என்றால் ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்கு. கண் ஓரிடத்தில் தரித்து அடுத்த இடத்துக்குத் தாவுவதற்கே அதைவிட நாலைந்து மடங்கு நேரம் எடுக்கும். ஆக, ஒரு சொல்லும் வாசிக்கப்படுவதற்கு முன்பே அழகு பற்றிய தீர்ப்பு வந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பு நிறத்தையும் ஒழுங்கையும் பற்றியது. தேடியது கிடைக்குமா என்பதைப் பற்றி அதில் எதுவுமே இல்லை.

தேடுவது கண்ணின் வேலை. கண்ணைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்: வில்லை, விழித்திரை, விழித்திரையின் நடுவில் மஞ்சட்பொட்டு. அந்தப் பொட்டின் நடுவிலுள்ள சிறு குழியில்தான் பார்வை கூர்மை. கையை முழுதாக நீட்டிப் பெருவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த நகத்தின் அகலம், அதாவது சுமார் 2 பாகை, அவ்வளவுதான் ஒரு நேரத்தில் நமக்குத் துல்லியமாகத் தெரியும். மற்றதெல்லாம் மங்கல். அதனால்தான் கண் செக்கனுக்கு மூன்று நாலு தடவை தாவிக்கொண்டே இருக்கிறது. தாவும் நேரத்தில் வரும் கலங்கிய படத்தை மூளை நமக்குக் காட்டாமல் அமுக்கிவிடும். கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள்: உங்கள் கண் அசைவதை உங்களால் காணவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

சரி, இப்படித் தாவித் தாவி அலையும் கண் திரையில் எங்கே பார்க்கிறது என்பதை ஒரு கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி இதுதான். இரவில் ஒரு விளக்கை வைத்து, அதற்கு நேரே வீட்டில் யாரையாவது உட்கார வையுங்கள். அவருடைய கண்ணை உற்றுப் பார்த்தால் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். கருவிழிக்கு முன்னால் கண்ணாடிபோல் மூடியிருக்கும் விழிவெண்படலத்தின் வளைந்த மேற்பரப்பில் விளக்கொளி தெறித்து உண்டாகும் புள்ளி அது. இப்போது தலையை அசைக்காமல் மெதுவாக இடப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். கண்மணி இடப்பக்கம் போகும். புள்ளியும் கொஞ்சம் போகும், ஆனால் கண்மணியின் வேகத்துக்கு வராது, பின்தங்கிவிடும். இரண்டுக்கும் இடையில் ஒரு இடைவெளி விழும். கண்மணியும் விழிவெண்படலத்தின் வளைவு மையமும் விழி சுழலும் மையத்திலிருந்து வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் வரும் வித்தியாசம் இது. கண்ணை அசைக்காமல் தலையைச் சற்று நகர்த்தினாலோ இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே நகரும், இடைவெளி அவ்வளவாக மாறாது.

எவ்வளவு அழகான ஏற்பாடு, பாருங்கள்! தலை அசைந்ததா, கண் திரும்பியதா என்பதை அந்த இடைவெளி ஒன்றே பிரித்துச் சொல்லிவிடுகிறது. கருவி இதைத்தான் செய்கிறது. டிவி ரிமோட்டில் இருப்பதுபோன்ற, கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரை மெல்லியதாக முகத்தில் அடிக்கும். அதன் கமரா கண்மணியின் நடுவையும் புள்ளியையும் படத்துக்குப் படம் அளக்கும். தொடக்கத்தில் திரையில் சில புள்ளிகளைக் காட்டி 'இதைப் பாருங்கள், இதைப் பாருங்கள்' என்று பழக்கிக்கொள்வதால், இன்ன இடைவெளி என்றால் திரையில் இன்ன இடம் என்று அதற்குக் கணக்கு விளங்கும். கண்ணிலிருந்து எதுவும் வெளியே புறப்படுவதில்லை. வெளியிலிருந்து போன ஒளி பட்டுத் திரும்புகிறது, அவ்வளவே. கண்ணூறு என்று பயந்து பிள்ளையின் கன்னத்தில் பொட்டு வைப்பவர்களுக்கு இந்த விளக்குச் சோதனையை ஒரு தடவை செய்து காட்டுங்கள். பார்வை பாய்வதில்லை, பார்வை வாங்குகிறது.

இப்படி அளந்து பார்த்தவர்களில் முன்னோடி சோவியத் விஞ்ஞானி அல்பிரெட் யார்பஸ். அவர் காலத்தில் இந்தக் கமரா வசதி இல்லை. சின்னக் கண்ணாடி பொருத்திய ஒரு மூடியைக் கண்ணிலேயே ஒட்ட வைத்தார். ரஷ்ய ஓவியர் ரெப்பினின் ஓவியம் ஒன்றை ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். நெடுங்காலம் கழித்து ஒருவன் வீடு திரும்பி அறைக்குள் நுழையும் காட்சி அது. ஒவ்வொரு தடவையும் வேறொரு கேள்வி. 'இவர்களுக்கு என்ன வயது?' என்றபோது கண் முகங்களில் போய் நின்றது. 'இந்தக் குடும்பம் வசதியானதா?' என்றபோது உடுப்பிலும் தளபாடத்திலும் அலைந்தது. படம் ஒன்று, கண் ஒன்று, போன பாதை மட்டும் வேறு. இந்த முடிவுகள் 1967இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தன.

வாசகருக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் கண் சும்மா உலாவும், வாய் 'வடிவா இருக்கு' என்று சொல்லும். கேள்வியோடு வருகிறவரின் கண்தான் தளத்தைச் சோதிக்கும்.

ஒரு கூத்துக் குழுவின் தளத்தைப் படுவான்கரையில் ஒரு கோயில் நிருவாகசபைச் செயலாளரிடம் போனில் கொடுத்தேன். "திருவிழாவுக்கு இந்தக் குழுவை எடுக்க வேணும், யாரோட கதைக்கிறது?" என்பதுதான் அவருக்கான கேள்வி. முகப்பில் வடமோடிக் கிரீடத்தோடு ஒரு படம், அதைப் பெருவிரலால் அழுத்தினார். அழுத்துகிற நேரம் பார்த்துப் படம் தானாக மாறியது. விரல் அடுத்த படத்தில் பட்டு வீடியோ ஒன்று திறந்து மத்தளம் முழங்கியது. பின்னுக்குப் போனார். மேல் மூலையில் மூன்று கோடு போட்ட பட்டனை அவர் தொடவே இல்லை, அது பட்டன் என்றே தோன்றவில்லை. கடைசியில், கீழே ஒரு அரங்கேற்ற நோட்டீசின் படத்துக்குள் தொலைபேசி இலக்கத்தைக் கண்டார். அதையும் அழுத்திப் பார்த்தார். படம்தானே, அழைப்புப் போகவில்லை. "பேனை இருக்கா தம்பி?" என்றார்.

தானாக மாறும் படங்கள் ஏன் இவ்வளவு கெடுதி? ஓரப் பார்வைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் அசைவைப் பிடிப்பதில் அது கெட்டிக்காரன். ஓரத்தில் எது அசைந்தாலும் கண் அங்கே இழுபடும். கூத்தாடும் வட்டக்களரியில் இந்தக் குணத்தை, கூத்தை நடத்தும் அண்ணாவியார் எவ்வளவு நுட்பமாகக் கையாளுகிறார்! ஒரு பாத்திரத்தின் வரவு என்றால் பாட்டும் மத்தளமும் சல்லாரியும் அவனுக்காகவே ஒலிக்கும், சுற்றி இருக்கும் அத்தனை கண்ணும் அவனிடம் போகும். எல்லாப் பாத்திரமும் ஒரே நேரத்தில் வரவு ஆடினால் கூத்து என்னாகும்? பல ஆற்றுகைக் கலைஞர்களின் முகப்புப் பக்கம் அப்படித்தான் இருக்கிறது, நம் ஊரில் மட்டுமல்ல. மர்மமும் திகைப்பும் ஆற்றுகைக்கு உரியவை. அடுத்த ஆற்றுகை எங்கே, எத்தனை மணிக்கு என்பதில் மர்மம் வேண்டாம் என்பதே என் கட்சி.

நிறமும் அப்படியே. கறுப்புப் பின்னணியில் இரத்தச் சிவப்பு எழுத்து மேடைத்தனமாக இருக்கும். வெள்ளையில் கறுப்பு எழுத்தின் ஒளிர்வு வேறுபாடு 21:1. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்பது, எல்லாராலும் பயன்படுத்த முடிகிற மாதிரித் தளம் அமைக்கச் சொல்லும் இணைய அணுகல் வழிகாட்டியின் அளவு. கறுப்பில் கடுஞ்சிவப்பு 2:1ஐத் தாண்டிக் கொஞ்சம்தான் வரும். கல்லடிப் பாலத்தில் பட்டப்பகல் வெயிலில் நின்று வாசித்துப் பாருங்கள், ஒன்றும் தெரியாது.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ்நூலை வெளியிட்டபோது இசையையும் கணிதத்தையும் ஒன்றாகவே வைத்துப் பார்த்தார். வந்தாறுமூலையில் பல்கலைக்கழகமும் கல்லடியில் அவர் பெயரிலேயே அழகியல் நிறுவகமும் இருக்கிற மண் இது. கணினி படிக்கும் பிள்ளையும் கூத்துப் படிக்கும் பிள்ளையும் சேர்ந்து, தமிழ் வாசிக்கும் கண் திரையில் எப்படி அலைகிறது என்று அளப்பதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். கட்டடத்துக்கு ஒதுக்குவதில் சிறு துண்டு போதும். நம் எழுத்துகளின் சுழிகளையும் கொம்புகளையும் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வியை வேறு யார் கேட்பார்கள்?

கருவி இல்லாமலும் சோதிக்கலாம். 1993இல் யாக்கொப் நீல்சன், தோமஸ் லண்டவர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். அவர்கள் பார்த்த சோதனைகளில் ஒரு ஆள் சராசரியாக 31 வீதமான குறைகளில் மாட்டுப்பட்டார். அப்படியானால் ஐந்து பேரில் ஏறத்தாழ 85 வீதம் வெளிவந்துவிடும். ஆகவே ஐந்து பேரைப் பிடியுங்கள். ஒரு கோயில் செயலாளர், ஒரு ஆசிரியை, வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த ஒருவர், கூத்தே பார்க்காத ஒரு பிள்ளை, கண்ணாடி போட்ட ஒரு அம்மா. ஒவ்வொருவராகத் தனியே இருத்துங்கள். கேள்வியைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காதீர்கள், விரலைக் காட்டாதீர்கள். எங்கே விரல் தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் திருத்துங்கள், திருத்திய பிறகு வேறு ஐந்து பேர். முதல் திருத்தமாக, தொலைபேசி இலக்கத்தைப் படத்திலிருந்து எடுத்து, தொட்டால் அழைப்புப் போகும் எழுத்தாக முகப்பிலேயே போடுங்கள்.