கால் கப் அரிசி எத்தனை கிராம்?

சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு அட்டவணை எழுதிக் கொடுப்பது என் வேலை. பல வருடம் நானும் “மதியம் கால் கப் அரிசி” என்றுதான் எழுதிக் கொடுத்தேன். நான் மனதில் வைத்திருந்தது 240 மில்லி கப். அதில் கால் பங்கு 60 மில்லி, சுமார் 50 கிராம் அரிசி.

ஒரு அம்மாவுக்கு மூன்று மாதமாகியும் சர்க்கரை இறங்கவில்லை. “எங்களுக்குத் தெரியாம இனிப்பு சாப்பிடுறாங்க மேடம்” என்றாள் கூட வந்த மகள். “நீங்க எழுதின கால் கப்புக்கு மேல ஒரு மணி அரிசி போட்டதில்லம்மா” என்று அந்த அம்மா கண் கலங்கினார். அடுத்த முறை வரும்போது அந்தக் கப்பையும் எடுத்து வரச் சொன்னேன். வந்தது பழைய பித்தளை உழக்கு. தண்ணீர் ஊற்றி அளந்தோம்: 336 மில்லி. அதில் கால் பங்கு என்றால் சுமார் 70 கிராம் அரிசி. தினமும் மதியம் ஒரு சின்னச் சப்பாத்தியின் மாவுச்சத்து கூடுதலாகப் போயிருக்கிறது. சர்க்கரை இறங்காததற்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மா பொய் சொல்லவில்லை. கிராமில் எழுதாதது என் தவறு.

ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. தலைதட்டி அளந்தால் அரிசி 150 கிராம். 168 மில்லி ஆழாக்கில் 140 கிராம். கேக் செய்முறைகளில் வரும் 240 மில்லி கப்பில் 200 கிராம். மூன்றையும் நாம் கப் என்றே சொல்கிறோம். பாத்திரம் ஒன்றே ஆனாலும் போடும் பொருள் மாறினால் எடை மாறிவிடும். மெல்லிசு அவல் அரிசியின் எடையில் பாதிகூட வராது. கோதுமை மாவைச் சலித்து மெதுவாகப் போட்டால் 240 மில்லி கப்பில் 120 கிராம்; அழுத்தி நிரப்பினால் 150-ஐத் தாண்டும்.

சமையலறைத் தராசு இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் கவலை இல்லை. ஒரு கிலோ அரிசி பாக்கெட்டைப் பிரித்து, தினமும் அளக்கும் டம்ளராலேயே தலைதட்டி அளந்து எண்ணுங்கள். ஆறு டம்ளர் வந்தால் ஒரு டம்ளர் சுமார் 165 கிராம். அதை ஒரு சீட்டில் எழுதி அரிசி டப்பாவில் ஒட்டிவிடுங்கள். நான் சொல்லும் கிராம் கணக்கெல்லாம் வேகவைக்காத அரிசிக்கு. சோறாக வெந்தால் எடை இரண்டரை மடங்குக்கு மேல் போகும். இன்னொன்று, இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் அரிசியைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

உப்பிலும் இதே சிக்கல்தான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூள் உப்பு, 5 மில்லி ஸ்பூனில் தலைதட்டினாலே 6 கிராம் வரும். கல் உப்பில் இடைவெளி அதிகம், அதனால் எடை குறையும். கல் உப்பிலிருந்து தூள் உப்புக்கு மாறியவர்கள் பழைய ஸ்பூன் கணக்கிலேயே போட்டால் உப்பு கூடிவிடும். ஸ்பூனை விட பாக்கெட்டைக் கணக்கு வைப்பது சுலபம். நாலு பேர் இருக்கும் வீட்டில் மாதத்துக்கு 600 கிராம்தான் உச்சவரம்பு. ஊறுகாய், அப்பளம், கடைப் பலகாரத்தில் வரும் உப்பும் அதற்குள்ளேதான். பாக்கெட்டைப் பிரிக்கும் அன்றே தேதியை அதன் மேல் எழுதி வையுங்கள்.