16 பேரும் ‘நான்தான் பூஜ்யம்’ என்றால்

ஊட்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தின் கிளஸ்டரை, அதாவது பெரிய கணக்குகளுக்காக ஒன்றாக இணைத்த கணினிக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. “இந்தக் குளிருக்கு ஏசி எதுக்கு, ஜன்னலைத் திறந்து வெச்சா போதாதா?” என்று கேட்காத விருந்தாளி இல்லை. ஜூலையில் திறந்து பாருங்கள், மூடுபனி நேரே சர்வருக்குள் போய் உட்காரும்.

அப்படி ஒரு மழை நாளில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வந்தார். “சார், 16 கோர் கேட்டு ஓட்டினேன். ஒரே கோர்ல ஓடின நேரத்தைவிட அதிகமா ஆகுது. மெஷின்ல ஏதோ கோளாறு.” மூன்று நாள் ஓடி முடிந்த ஜாப் அது. அவுட்புட் ஃபைலைத் திறந்தோம். ‘நான் 0, மொத்தம் 1’ என்ற ஒரே வரி 16 முறை. வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளாமல், ஒவ்வொரு பிராசஸும் (ஓடும் புரோகிராமின் ஒரு பிரதி) தான் மட்டுமே இருப்பதாக நினைத்து முழுக் கணக்கையும் தனியாகப் போட்டிருக்கிறது. போதாததற்கு, எல்லாம் ஒரே ஃபைலில் எழுதி ஒன்றை ஒன்று அழித்திருந்தன.

இப்படிப்பட்ட பிராசஸ்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறைதான் எம்பிஐ. அந்தப் புரோகிராமைக் கம்பைல் செய்யும், அதாவது கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ‘விச் எம்பிஐசிசி’ (which mpicc) என்று தட்டச் சொன்னேன். அவருடைய ஹோம் டைரக்டரியைக் காட்டியது. எப்போதோ போட்ட பைத்தான் தொகுப்போடு எம்பிஐயின் இன்னொரு வடிவமான MPICH சொல்லாமல் கொள்ளாமல் வந்து, பாத்தில் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் வரிசை) முன்னால் நின்றிருக்கிறது. கம்பைல் செய்தது அதில். ஓட்டியது கிளஸ்டரில் இருக்கும் மற்றொரு வடிவமான ஓப்பன் எம்பிஐயின் லாஞ்சரான (பிராசஸ்களைக் கிளப்பும் கருவி) எம்பிஐரன்னில். 1994-இல் எம்பிஐ தரநிலை வந்ததிலிருந்து ஃபங்ஷன் பெயர்கள் எங்கும் ஒன்றுதான். அதனால் எதில் கம்பைல் செய்தாலும் பிழை வராது. ஆனால் ஒன்றின் லாஞ்சர் தரும் தகவல் இன்னொன்றின் லைப்ரரிக்குப் புரியாது. புரியாதபோது நின்றுவிடாமல், தனி ஆளாக ஓடத் தொடங்கிவிடும். எரர் மெசேஜ் எதுவும் கிடையாது, அதுதான் கொடுமை.

எனவே மாட்யூல் லோட் செய்தபின் (வேண்டிய மென்பொருளைத் தேர்ந்தெடுத்தபின்) ‘விச்’ போட்டுப் பாருங்கள். கம்பைல் ஆனதும் ‘எல்டிடி’ (ldd) போட்டு எந்த லைப்ரரியோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பெரிய ஜாப்புக்கு முன், ரேங்க் (பிராசஸின் வரிசை எண்), மொத்த எண்ணிக்கை, நோட் (கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி) பெயர் மூன்றையும் மட்டும் அச்சிடும் பத்து வரி புரோகிராமை அதே ஸ்கிரிப்டில் ஓட்டுங்கள். இரண்டு நிமிட வேலை.

அவருக்கு அதோடு முடியவில்லை. சரியாகக் கம்பைல் செய்த பிறகும் மந்தமாகவே ஓடியது. நோடில் ‘டாப்’ (top) போட்டால் லோடு, அதாவது ஓடுவதற்குப் போட்டியிடுபவற்றின் எண்ணிக்கை, 250-ஐத் தாண்டி நின்றது. 16 பிராசஸ், ஒவ்வொன்றுக்குள்ளும் கணித லைப்ரரி தானாகக் கிளப்பிய 16 த்ரெட் (பிராசஸுக்குள் இணையாக ஓடும் வேலை இழை). ஆக 256 பேர் 16 நாற்காலிக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். த்ரெட் எண்ணிக்கையைச் சொல்லும் ‘ஓஎம்பி நம் த்ரெட்ஸ்’ (OMP_NUM_THREADS) மதிப்பை 1 ஆக்கினோம், அடங்கியது.

எல்லோரும் முதலில் நுழையும் லாகின் நோடில் ஜாப் ஓட்டாதீர்கள் என்று வழக்கம்போல இங்கேயும் சொல்லிவைக்கிறேன். கம்பைல் செய்யும் கணினிக்கே ஏற்றபடி புரோகிராமை ஆக்கும் ‘மார்ச் நேட்டிவ்’ (-march=native) போட்டு அங்கே கம்பைல் செய்தது பழைய நோடில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று விழுந்தாலும் என்னிடம்தான் வருவீர்கள்.

மாணவர் இப்போது 64 கோர் கேட்கிறார். அவருடைய புரோகிராமில் நூற்றில் ஐந்து பங்கு வேலை வரிசையாகத்தான் நடக்க முடியும். கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-இலேயே சொன்ன கணக்குப்படி, எத்தனை கோர் கொடுத்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. 64-க்கு வருவது 15 மடங்குதான். முதலில் 32-இல் ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.